நோயின் பெயரும் நோயாளியின் உரிமையும்

வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் ஒருவரிடம், "என்ன வருத்தமாம்?" என்று கேட்பது நம்மிடையே உள்ள வழக்கம். "ஏதோ ஒரு பெயர் சொன்னார்கள், எனக்கு விளங்கவில்லை" என்பதே பெரும்பாலும் நாம் பெறும் விடை. மாத்திரையின் நிறம் அவருக்குத் தெரியும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பதும் தெரியும். மறுபடி எந்தத் திகதியில் வரவேண்டும் என்பதும் தெரியும். தம்முடைய உடம்பினுள்ளே நிகழ்வது யாது என்பது ஒன்றே தெரியாது. உடம்பு அவருடையது, நோவும் அவருடையது, அந்நோவின் பெயர் மட்டும் பிறருடையது.

இது சிறு விடயம் என்று தள்ளிவிடக் கூடியதன்று. தன் உடலைப் பற்றிய அறிவைத் தனக்கு விளங்கும் சொல்லிலே பெறும் உரிமை மனிதனுக்கு உண்டா, இல்லையா என்னும் அறக் கேள்வி இதனுள்ளே அடங்கியிருக்கிறது. இக்கேள்வியை எழுப்பும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் மறுமொழி ஒன்றுண்டு. விஞ்ஞானச் சொற்கள் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பிறந்தவை, கற்றோரால் கற்றோருக்கென ஆக்கப்பட்டவை, நுண்பொருளை உணர்த்துபவை, பாமரர் நாவிலே அவை தங்கமாட்டா என்பதே அம்மறுமொழி. இக்கூற்று உண்மையா என்பதை அறிய அச்சொற்களின் வரலாற்றையே சாட்சிக்கு அழைப்பது நேரிய வழியாகும்.

1665 இலே ரொபேட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். சின்னஞ்சிறு அறைகள் வரிசை வரிசையாக அவர் கண்ணுக்குத் தென்பட்டன. மடங்களிலே துறவிகள் தங்கும் சிற்றறையைக் குறிக்கும் சொல்லையே அவர் அவற்றிற்கு இட்டார். உயிரியலின் அடிப்படைச் சொல்லாக இன்று உலகெங்கும் வழங்குவது அந்தச் சிற்றறைதான். நம் பாடநூல்கள் அதனைக் 'கலம்' என்கின்றன. அதுவும் அடுக்களையிலே புழங்கும் பாத்திரத்தின் பெயரேயாகும். தசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் பொருள் 'சிறிய எலி' என்பது. தோலின் கீழே தசை அசைவதைக் கண்ட எவனோ ஒருவனுக்கு எலி ஓடுவது போலத் தோன்றியிருக்கிறது. அறிவியற் கூடத்திலே பிறந்த சொல்லன்று அது. திண்ணையிலே பிறந்த சொல்.

அட்சரகணிதத்தின் ஐரோப்பியப் பெயரும் இவ்வாறானதே. ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லே அதன் மூலம். பிரிந்ததை மீண்டும் பொருத்துதல் என்பது அதன் பொருள். ஸ்பானிய நாட்டிலே இச்சொல்லின் வழிவந்த பெயரொன்று முறிந்த எலும்பைப் பொருத்தும் நாட்டு வைத்தியனைக் குறித்தது. சமன்பாட்டைத் தீர்ப்பவனும் முறிவு கட்டுபவனும் ஒரே சொல்லின் கீழ் நின்றார்கள் என்பது கல்விச் செருக்குக் கொண்டோர் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இன்னுமோர் உதாரணம் நமக்கு மிக நெருங்கியது. நாம் 'நீரிழிவு' என்று சொல்லும் நோய்க்குக் கிரேக்கர் இட்ட பெயரும், நீர் உடம்பினூடாகக் கடந்து ஓடிவிடுவதையே சுட்டுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேய வைத்தியரான தோமஸ் வில்லிஸ் அந்நீர் இனிப்பதைக் கவனித்து எழுதினார். தேனைக் குறிக்கும் இலத்தீன் அடைமொழி பின்னர் அப்பெயரோடு நிலைபெற்றது. இந்திய வைத்திய நூல்களோ அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே 'மதுமேகம்' என்று தேனின் பெயராலேயே அதனைக் குறித்திருந்தன. ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே துன்பத்தை உற்றுநோக்கி ஒரே பெயரைக் கண்டடைந்திருக்கிறார்கள். கிரேக்க வைத்தியன் தெய்வமொழி பேசியவனல்லன். சந்தையிலே மீன் வாங்கிய அதே மொழியிலேதான் அவன் நோயையும் பேசினான். அவன் சொல் நமக்கு அரிதாகத் தோன்றுவது தூரத்தினாலேயன்றி உயர்வினாலன்று.

எனவே, விஞ்ஞானச் சொற்கள் பிறப்பினாலே உயர்குலத்தவை என்னும் கருத்து நிற்கமாட்டாது. அவை பிழை நீங்கியவை என்பதும் அவ்வாறே. லவோசியே என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் அமிலங்கள் யாவற்றுக்கும் மூலம் இதுவே என்று நம்பி ஒரு வாயுவுக்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள்படப் பெயரிட்டார். அதுவே ஒட்சிசன். ஐதரோக்குளோரிக்கமிலத்திலே ஒட்சிசனே இல்லை என்பது 1810 அளவிலே ஹம்பிரி டேவியின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பெயர் பிழைத்தது, வாயு பிழைக்கவில்லை. 'பிளக்கவொண்ணாதது' என்று கிரேக்கர் பெயரிட்டதை 1932 இலே விஞ்ஞானிகள் கருவியைக் கொண்டு பிளந்தும் விட்டார்கள். இத்தகைய பிழைகள் எவரையும் வருத்துவதில்லை. முன்னோர் எவ்வெவ்வழியிலே தடுமாறி நடந்தார்கள் என்பதற்கு அவை அடையாளக் கற்களாக நிற்கின்றன.

மலேரியா என்னும் சொல்லும் பிழையானதே. 'கெட்ட காற்று' என்பது அந்த இத்தாலியச் சொற்றொடரின் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் ஆவியே நோயைத் தருகிறதென்று பல நூற்றாண்டுகளாக நம்பினர். 1880 இலே லவெரான் நோயாளியின் குருதியிலே கிருமியைக் கண்டார். 1897 இலே ரொனால்ட் ரொஸ் அதனை நுளம்பின் வயிற்றிலே கண்டார். நம் முன்னோர் இக்காய்ச்சலை 'முறைக்காய்ச்சல்' என்றனர். ஒருநாள் விட்டு ஒருநாள், இருநாள் விட்டு ஒருநாள் என்று முறைவைத்து வருவதைக் கண்டு இட்ட பெயர் அது. காரணம் அறியாதவிடத்துக் காரணம் கூறாமல், கண்டதை மட்டும் கூறியது அப்பெயர்.

ஆனால், இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். 1934 ஆம் ஆண்டு மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டிறுதியிலும் 1935 இலும் பரவிய மலேரியா இலங்கையிலே ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. கேகாலை, குருநாகல் பகுதிகளிலே கிராமம் கிராமமாக மக்கள் மாண்டனர். உணவும் மருந்தும் சுமந்து அங்கே சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கண்டது நோயை மட்டுமன்று, பட்டினியையும் கண்டார்கள். பொருளாதார மந்தத்தாலும் பயிரழிவாலும் உண்ண உணவின்றி நலிந்திருந்த உடல்களையே காய்ச்சல் எளிதிலே வென்றது. கெட்ட காற்று என்பது பிழை. நுளம்பு என்பது உண்மை. ஆனால் நுளம்பு என்பதோடு நின்றுவிட்டால் அதுவும் முழு உண்மையாகாது. நோயின் பெயர் ஒரு காரணத்தைச் சுட்டும்போது மற்றைக் காரணங்களைத் திரையிட்டு மறைப்பதும் உண்டு. 2016 இலே மலேரியா அற்ற நாடாக இலங்கை சான்றுபெற்றது. அதற்கு உழைத்தவர்கள் நுளம்பை மட்டுமன்றி, மக்கள் வாழ்ந்த வீட்டையும் குடியிருப்பையும் நோக்கியவர்கள்.

இயற்கையைப் பற்றிய பிழை ஒருவகை. மனிதரைப் பற்றிய பிழை வேறொரு வகை. பின்னையது எவரையும் வருத்தாத பிழையன்று.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே ஐரோப்பாவிலே மேகநோய் பரவியபோது இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். அயலான் மீது பழிபோடும் இவ்வழக்கிற்கு நாமும் விலக்கல்லர். போர்த்துக்கேயரைக் குறித்த 'பறங்கி' என்னும் சொல்லையே இந்நாட்டு மக்கள் ஒரு புண்நோய்க்குப் பெயராக வைத்தார்கள். வந்தேறி ஆண்டவன் மீது ஆளப்பட்டவன் வீசிய வசை என்று அதற்கு அமைதி கூறலாம். ஆயினும் பெயரிடும் அதிகாரம் ஆள்பவன் கையிலே இருந்தபோது நிகழ்ந்தவற்றிற்கு எவ்வித அமைதியும் இல்லை.

1851 இலே அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்னும் வைத்தியர் புதிய நோயொன்றைக் 'கண்டுபிடித்தார்'. எசமானிடமிருந்து அடிமை தப்பியோடுதலே அந்நோய். ஓடிப்போனவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு பித்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து 'திராப்பெற்றோமேனியா' என்று அவர் பெயரிட்டார். அதனைத் தடுக்கச் சவுக்கடியையும் அவர் விதித்தார். விடுதலை வேட்கைக்கு வைத்திய சாத்திரத்தின் முத்திரையோடு பைத்தியப் பட்டம் கட்டப்பட்டது. அதே கருத்தைப் பண்ணை முதலாளியொருவன் தன் மொழியிலே சொல்லியிருந்தால் அவனது சுயநலம் அம்பலமாகியிருக்கும். கிரேக்கப் போர்வை அந்த அநீதிக்கு மானம் காத்தது.

பெண்ணின் மனநோவுக்கு இடப்பட்ட 'ஹிஸ்ரீரியா' என்னும் பெயர் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. கருப்பை இடம்பெயர்ந்து உடம்பினுள்ளே அலைகிறது என்னும் பழங்கற்பனையின் எச்சம் அது. கற்பனை கைவிடப்பட்ட பின்னரும் பெயர் விடவில்லை. வாய்திறந்து முறையிட்ட பெண்ணை அடக்க அப்பெயரே போதுமானதாயிருந்தது. 1980 இலேதான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதனை நீக்கிற்று. 1866 இலே லாங்டன் டவுன் என்பவர் பிறப்பிலேயே மனவளர்ச்சி குன்றிய ஒருவகைக் குழந்தைகளை ஓர் ஆசிய இனத்தின் பெயராலே அழைத்தார். அக்குழந்தைகளுக்கும் இழிவு, அவ்வினத்துக்கும் இழிவு. ஒரு நூற்றாண்டு கழித்து, 1961 இலே விஞ்ஞானிகள் சிலர் அப்பெயரை எதிர்த்து எழுதினர். 1965 இலே மொங்கோலியாவின் வேண்டுகோளை ஏற்று உலக சுகாதார நிறுவனம் அதனைக் கைவிட்டது. இடம், இனம், தொழில் ஆகியவற்றின் பெயரை நோய்க்கு இடலாகாது என்னும் நெறி 2015 இலே வகுக்கப்பட்டது. அந்நெறிப்படியே 2020 பெப்ரவரியிலே கொவிட்-19 என்னும் பெயர் பிறந்தது. எனினும், அவ்வாண்டிலே உலகின் பல நாடுகளிலும், நம் நாட்டிலுங்கூட, ஒரு சமூகத்தின் மீது சுட்டுவிரல் நீட்டியே நோயைப் பேசியவர்கள் இருந்தார்கள். பட்டியலிலிருந்து பெயரை அகற்றுவது எளிது. மனத்திலிருந்து அகற்றுவது நெடும்பணி.

இனி, மூன்றாவது வகைச் சொற்கள் உள. இவை நோயாளியின் வாயிலிருந்து வந்தவை.

ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலே, இன்று கானா என்று வழங்கும் நாட்டிலே, சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் பணிபுரிந்தார். வயிறு ஊதி, முடி செம்பட்டையாகி, கால்கள் வீங்கி இறக்கும் குழந்தைகளை அவர் அங்கே கண்டார். இந்நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்லுவீர்கள் என்று அவர் தாய்மாரையே வினவினார். 'குவாசியோர்க்கர்' என்றனர் அவர்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்பது கா மொழியிலே அதன் பொருள். தாய்ப்பாலிலிருந்து இறக்கப்பட்டுச் சோளக் கூழோடு விடப்பட்ட குழந்தையின் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லிலே இருந்தது. 1935 இலே வில்லியம்ஸ் அப்பெயரையே வைத்திய உலகுக்கு அறிமுகஞ் செய்தார். இது பழைய நோயொன்றின் மறுவடிவமே என்று மறுத்த நிபுணர்கள் இருந்தார்கள். ஈற்றிலே நிலைத்தது எழுத்தறியாத தாய்மாரின் சொல்லே.

மூட்டுவலியால் உடல் வளைந்து போவதைக் கண்டு கிழக்காபிரிக்க மாக்கொண்டே மக்கள் சொன்ன சொல்லே 'சிக்குன்குன்யா'. 2006 இலே இலங்கையைத் தாக்கியபோது அச்சொல்லின் பொருளை நம்மவர் தம் எலும்பினாலேயே அறிந்தார்கள். 'பெரிபெரி' என்பதோ நம் தீவிலிருந்தே உலக வைத்திய அகராதிக்குச் சென்ற சொல்லென்பது பலர் கொள்ளும் கருத்து. இயலாமையைச் சுட்டும் சிங்களச் சொல் இரட்டித்து நிற்பது அது. "ஏலாது, ஏலாது" என்று கைகால் சோர்ந்தவன் முனகிய முனகலே அங்கே நோயின் பெயராயிற்று. தீட்டிய அரிசியை மட்டும் உண்பதால் வரும் இந்நோயை ஆராய்ந்ததன் வழியேதான் விற்றமின் பற்றிய அறிவு உலகிற்குக் கிடைத்தது. நோயாளியின் முனகலுக்குச் செவிகொடுத்ததால் விஞ்ஞானம் தாழ்ந்து போகவில்லை, வளர்ந்தது.

இவ்வரலாற்றின் ஒளியிலே நம் மொழியிலே நடந்த முயற்சியையும் நோக்குதல் தகும். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசனரி வைத்தியர் 1847 இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். மதம் பரப்புதலே அவருடைய முதல் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆங்கிலத்திலே பயின்ற மாணவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விடுவதையும், கிராமம் வைத்தியரின்றியே கிடப்பதையும் அவர் கண்டார். தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவ்வாறு வெளிவந்தன. தமிழிலே சொல் உண்டா என்று முதலிலே தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலே எழுதிக்கொள்வது என்பது அவர் கைக்கொண்ட முறை. 1938 இலே சென்னையிலே வெளியான கலைச்சொற் றொகுதிக்கு நம் விபுலாநந்த அடிகள் தலைமைதாங்கி உழைத்தார். சுதந்திரத்தின் பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று உயர்தர வகுப்பு வரையிலே நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பது இவர்கள் உழைப்பின் பயனாகும்.

இம்முயற்சிகளிடையே எழுந்த பெரிய வாதம் தூய்மை பற்றியது. பிறமொழிச் சொல் புகலாமா, புகலாகாதா என்பதிலே நாம் பல்லாண்டுகளைச் செலவிட்டோம். அவ்வாதம் பயனற்றதென்று கூறமாட்டேன். ஆனால் சொல்லின் பிறப்பை ஆராயும் இவ்விடத்திலே ஒன்று தெளிவாகிறது: ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது அதன் தகுதிக்கு அளவுகோலாகாது. அது எவரைச் சென்றடைகிறது, எவரைச் சுடுகிறது என்பவையே அளவுகோல்கள். கிறீன் காலத்துச் 'சுகரணவாதம்' இன்று எவருக்கும் விளங்காது. அந்நியமான 'மாத்திரை, எக்ஸ்ரே' என்பன சிறுபிள்ளைக்கும் விளங்குகின்றன. அகராதியிலே தூய தமிழ்ச்சொல் ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு நோயாளியிடம் அதனைச் சொல்லாதிருப்போமாயின், கிரேக்கச் சொல்லின் இடத்திலே தமிழ்ச்சொல்லொன்றை மதிலாக எழுப்பியவராவோம்.

மறுபக்கத்து நியாயமும் உண்டு. 'காய்ச்சல்' என்னும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வைத்தியம் நடத்த இயலாது. பல்வேறு காய்ச்சல்களை வேறுபடுத்தித் துல்லியமாகக் கூறும் சொல் வைத்தியனுக்கு இன்றியமையாதது. யப்பானிலும் கியூபாவிலும் உள்ளவரோடு நம் வைத்தியர் கருத்துப் பரிமாறவும் பொதுச்சொற்கள் வேண்டும். இதனை நான் மறுக்கவில்லை. ஆனால் துல்லியம் என்பது சொல்லின் ஒலியிலே இல்லை. அதற்கு நாம் வகுக்கும் வரையறையிலே உள்ளது. துறவியின் அறை உயிரியலிலே துல்லியமான சொல்லாகலாம் என்றால், நம் மக்களின் செங்கமாரியும் கூகைக்கட்டும் குக்கலும் நெருப்புக்காய்ச்சலும் ஏன் ஆகலாகாது? வைத்தியர்கள் தமக்குள்ளே எச்சொல்லை வழங்கினும் வழங்குக. நோயாளியின் முன்னே அமரும்போது, அச்சொல்லை அவர் மொழியிலே அவிழ்த்துக் கூறுவது அவர்கள் கடன். அது கருணையாலே செய்யும் உபகாரமன்று. மருந்து கொடுப்பதைப் போலவே தொழிலின் ஒரு பாகம்.

நம் நாட்டிலே இக்கடன் இருமடங்காகிறது. உயர்தர வகுப்பு வரையிலே தாய்மொழியிலே கற்ற மாணவன் வைத்திய பீடத்திலே ஆங்கிலத்திலே கற்று வெளிவருகிறான். தான் முன்னர்ப் படித்த தமிழ்ச் சொற்களை ஐந்தாண்டுகளிலே மறந்தும் விடுகிறான். மலையகத்துத் தோட்டத் தொழிலாளிப் பெண்ணோ தன் மொழி அறியாத வைத்தியரின் முன்னே, தன் நோவைச் சைகையாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் சொல்லி நிற்கிறாள். நிபுணத்துவம் ஒரு மதில். மொழி மற்றொரு மதில். வறுமை மூன்றாவது மதில். இம்மூன்றையும் கடந்து அவளிடம் வந்து சேர வேண்டியது அவளுடைய உடம்பைப் பற்றிய செய்தி.

சொற்களின் வரலாறு நமக்குத் தரும் பாடம் இதுவே. அறிவின் சொற்கள் மக்களிடமிருந்தே பெறப்பட்டன. தக்கைச் சீவலும் எலியும் எலும்பு முறிவும், பால் இழந்த குழந்தையின் அழுகையும் அச்சொற்களிலே இன்னும் இருக்கின்றன. பெற்றதைத் திருப்பித் தருதல் நேர்மை, தராதிருத்தல் களவு. "என்ன வருத்தமாம்?" என்று அயலார் கேட்கும்போது, தன் நோயின் பெயரையும் அது வந்த காரணத்தையும் ஒரு கிராமத்துத் தாய் தன் சொந்த வாயாலே தெளிவாகச் சொல்லும் நாளிலேதான், நம் நாட்டிலே வைத்தியம் மக்களுடையதாயிற்று என்று நாம் கூறலாம்.